பழைய பட்டறைக்குப் புது கரண்ட்: பூச்சு வேலைக்கு முன்னாலேயே பார்க்க வேண்டியவை

[திரையில்: புது ஷீட் கூரை, பெயிண்ட் அடித்த சுவர், மூலையில் பழைய மர மீட்டர் போர்டு]

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் போனால் இந்த மாதிரி ஓட்டுக் கட்டடப் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அப்பா காலத்தில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அவ்வளவுதான். இப்போது மகன் ஓட்டைப் பிரித்து ஷீட் போடுகிறார், தரையை உடைத்துக் கான்கிரீட் போடுகிறார், கம்ப்யூட்டரால் ஓடும் சி.என்.சி. மெஷினுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. எல்லாம் முடிந்து பெயிண்ட் காய்ந்த பிறகுதான் வயர்மேனுக்கு ஃபோன் போகிறது. அந்த வரிசை தப்பு. சுவர் பூசுவதற்கு முன்னால், முடிந்தால் மெஷினுக்கு ஆர்டர் கொடுப்பதற்கும் முன்னால் கரண்ட் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

[திரையில்: மோட்டார் பெயர்ப்பலகை, அருகில்]

முதல் வேலை நோட்டும் பேனாவும்தான். ஒவ்வொரு மோட்டாரின் உடம்பிலும் இருக்கும் தகட்டைத் துடைத்து எத்தனை எச்.பி. என்று எழுதுங்கள். ஒரு எச்.பி. என்றால் 746 வாட். 3 எச்.பி. லேத் இரண்டு, கம்ப்ரசர் 5, டிரில்லிங் 1, ஆக 12 எச்.பி., கிட்டத்தட்ட 9 கிலோவாட். சி.என்.சி. ஒரு 12 கிலோவாட், வெல்டிங் செட், லைட், ஃபேன், ஆபீஸ் ரூம் ஏ.சி. எல்லாம் சேர்த்து இன்னொரு 7 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 28. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, ஒரு சமயத்தில் 20 ஓடும் என்று எடுத்துக்கொள்வோம். த்ரீ பேஸில், 415 வோல்ட், பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்டில் உண்மையில் வேலைக்கு ஆகிற பங்கு) 0.8 என்றால் 20 கிலோவாட்டுக்கு ஒரு பேஸில் சுமார் 35 ஆம்பியர் வரும். சரியான கெப்பாசிட்டர் போட்டு பவர் ஃபேக்டரை 0.95-க்கு ஏற்றினால் அதே வேலைக்கு 29 ஆம்பியர் போதும். (வி.எஃப்.டி., அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ், இருந்தால் அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் மட்டும் கெப்பாசிட்டரைக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள், டிரைவ் போய்விடும்.)

இந்தக் கணக்கோடு இ.பி.யில் கூடுதல் லோடு கேட்டு விண்ணப்பம் போடுங்கள். அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வேலை இழுக்கும், அதனால்தான் முன்னாலேயே கேட்கச் சொல்கிறேன். கேட்காமலே இழுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இப்போதைய மீட்டர், நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தீர்கள் என்பதைப் பதிந்து வைத்திருக்கும், அது பில்லில் வந்து நிற்கும்.

[திரையில்: மீட்டரிலிருந்து பின் கொட்டகை வரை போகும் பழைய ஒயர்]

அப்புறம் கேபிள். நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். மீட்டர் தெருப் பக்கம், பட்டறை பின்னால், நடுவில் 60 மீட்டர். பழைய ஒயர் 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர். முதலில், பைப்புக்குள் அந்த ஒயர் 35 ஆம்பியரைத் தாங்கவே தாங்காது. தாங்குகிறது என்றே வைத்துக்கொண்டாலும், வழியிலேயே சுமார் 16 வோல்ட் காணாமல் போகும். சாயந்திரம் இ.பி. லைனே 390-ல் நின்றால் மெஷினுக்குப் போய்ச் சேர்வது 374 தான். வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் மோட்டாரின் இழுவை பத்து சதவீதம் குறைவதோடு நிற்காது, கிட்டத்தட்ட 19 சதவீதம் குறையும். கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆக முடியாமல் உறுமும், காயில் சூடாகும், கடைசியில் "மோட்டார் மட்டம்" என்று மோட்டார் மேல் பழி போட்டுக் காயில் கட்டக் கொடுப்போம். அதே தூரத்துக்கு 16 ஸ்கொயர் எம்.எம். காப்பர் போட்டால் இழப்பு 4 வோல்ட்தான். பெயிண்டில் மிச்சம் பிடியுங்கள், கேபிளில் பிடிக்காதீர்கள்.

[திரையில்: மர போர்டு, பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்]

இந்த போர்டைக் கொஞ்சம் கிட்டே பாருங்கள். நியூட்ரலிலும், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரிலும், ஒரு ஃபியூஸ் போட்டிருக்கிறார்கள், அந்தக் காலத்து வழக்கம். த்ரீ பேஸ் சர்வீஸில் அந்த ஃபியூஸ் போய் நியூட்ரல் அறுந்தால் லைட்டும் கம்ப்யூட்டரும் இரண்டு பேஸுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும், 230 வர வேண்டிய இடத்தில் 415 வரைக்கும் ஏறும். ஒரு பக்கம் பல்ப் மங்கும், இன்னொரு பக்கம் வெடிக்கும். அதனால் நியூட்ரலில் ஃபியூஸே கூடாது, கெட்டியான லிங்க்தான் இருக்க வேண்டும். லைட், ஏ.சி. எல்லாவற்றையும் ஒரே பேஸில் கொட்டாமல் மூன்றுக்கும் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓவர்லோடு ரிலேயும், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற பிரிவென்டரும் வேண்டும்.

இப்போது எர்த். புதுப்பித்த கட்டடங்களில் யாருக்கும் தெரியாமல் நடக்கிற ஆபத்து இது. பழைய பட்டறைகளில் எர்த் ஒயரைத் தண்ணீர் வருகிற இரும்புக் குழாயில் சுற்றி வைத்திருப்பார்கள். அதுவே சரியான முறை இல்லை. புதுப்பிக்கும்போது பிளம்பர் அந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டுவிடுவார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார், ஆனால் அன்றைக்கே உங்கள் பட்டறைக்கு எர்த் போய்விட்டது. எல்லா மெஷினும் ஓடும், எந்த வித்தியாசமும் தெரியாது. லேத்தின் பாடிக்கு ஒரு நாள் கரண்ட் கசியும், அன்றைக்கு அதில் கை வைப்பவர்தான் எர்த்.

சரி, புதிதாக எர்த் குழி எடுத்தாயிற்று, மின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். போதுமா? ஒரு பேஸ் பாடியில் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுங்கள், அதிகம் போனால் 46 ஆம்பியர். உங்கள் 32 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. (கரண்ட் மீறினால் தானாக விழும் சுவிட்ச்) சட்டென்று விழ வேண்டுமென்றால் 160-லிருந்து 320 ஆம்பியர் வேண்டும். 46-க்கு அது பல நிமிடம் அப்படியே நிற்கும், அவ்வளவு நேரமும் மெஷின் பாடியில் கரண்ட் இருக்கும். அதனால்தான் கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும் என்கிறோம். கையில் பிடிக்கிற கிரைண்டர், டிரில் செருகும் பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர். சி.என்.சி.யின் டிரைவ் சாதாரணமாகவே கொஞ்சம் கசிய விடும், அதை இந்த 30-க்குள் சேர்த்தால் சும்மா சும்மா டிரிப் ஆகும், எரிச்சலில் யாராவது ஆர்.சி.சி.பி.யையே கழற்றி நேரடியாகக் கட்டிவிடுவார்கள். சி.என்.சி.யைத் தனி லைனில் கொடுங்கள். மோட்டார் ஒவ்வொன்றின் பாடிக்கும் இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும், விதியே அப்படித்தான்.

[திரையில்: பூசாத சுவரில் பைப்புகள், ஃபோனில் படம் எடுக்கும் கை]

பைப் போட்டு முடித்ததும், பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்து அளவு தெரிகிற மாதிரி ஃபோட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஃபேன் மாட்ட டிரில் போடும்போது உதவும்.

லைன் கொடுக்கும் முன் உரிமம் உள்ள கான்ட்ராக்டரை வைத்து மெகர் டெஸ்ட் (ஒயரின் இன்சுலேஷன் சோதனை) எடுத்து அறிக்கை வாங்குங்கள். கரண்ட் வந்ததும் எல்லா மெஷினையும் லோடோடு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, அவர் ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை மூன்று பேஸிலும் நியூட்ரலிலும் போட்டுப் பார்க்கட்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 35, ஒன்று 18 என்று காட்டினால் அன்றைக்கே லைட் லைனை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அலுமினியம் கேபிள் என்றால் சில வாரம் கழித்து மெயினை ஆஃப் செய்து கேபிள் முனையில் இருக்கும் லக் போல்ட்டுகளை மறுபடி ஒரு தடவை முடுக்கச் சொல்லுங்கள், சூடாகி ஆறி ஆறி அவை தளர்ந்திருக்கும்.