ஒரு தேக்கரண்டி மார்மைட் ஒரு கொய்யாப்பழத்துக்கு ஈடாகுமா?

அடுத்த கேள்வியை வவுனியாவிலிருந்து ஒரு தாய் அனுப்பியிருக்கிறார். அவருடைய ஐந்து வயது மகன் பழம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம். பாணில் பட்டரும் மார்மைட்டும் பூசிக் கொடுத்தால் மட்டும் மறுபேச்சின்றிச் சாப்பிடுகிறானாம். போத்தல் லேபிளில் விற்றமின்களின் பெயர்கள் வரிசையாக இருப்பதால், வீட்டு மரத்துக் கொய்யாப்பழத்துக்குப் பதிலாக இதுவே போதுமா என்று கேட்கிறார். இரத்த அழுத்தம் உள்ள மாமனார் இரவில் மார்மைட்டைச் சுடுநீரில் கரைத்துக் குடிப்பது சரியா என்றும் கேட்டிருக்கிறார்.

போதாது, அம்மா. கொய்யாவில் உள்ளது மார்மைட்டில் இல்லை; மார்மைட்டில் உள்ளது கொய்யாவில் சொற்பமே. ஆகவே ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைக் கொடுப்பது எந்தப் பக்கத்திலும் கணக்குச் சரிவராது.

மார்மைட் என்பது பியர் வடிக்கும்போது எஞ்சும் மதுவத்திலிருந்து, அதாவது ஈஸ்டிலிருந்து, எடுக்கப்படும் சாறு. மதுவக் கலங்களை உப்புடன் சூடாக்கும்போது அவை தமது நொதியங்களாலேயே உடைந்து கரைகின்றன. கலச்சுவர்களை வடித்து நீக்கி, எஞ்சிய நீர்மத்தை வற்றவைத்தால் அந்தக் கருநிறப் பசை கிடைக்கிறது. 1902ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில், அங்கிருந்த பியர் வடிசாலைகளின் மிச்ச மதுவத்தை நம்பியே இந்த உற்பத்தி தொடங்கியது. உயிருள்ள மதுவக் கலம் தன் வளர்ச்சிக்காகச் சேர்த்துவைக்கும் பி வகை விற்றமின்கள் இந்தச் சாற்றில் செறிந்திருப்பதுதான் இதன் பலம். பாணிலும் மதுவம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். மா புளிக்கச் சேர்க்கும் அளவு மிகக் குறைவு என்பதால், அதை இந்தக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பசைக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, அங்கே வறுமைப்பட்ட கர்ப்பிணிகளிடம், குறிப்பாக நெசவாலைகளில் வேலைசெய்த பெண்களிடம், காணப்பட்ட ஒருவகைக் கடும் குருதிச்சோகையை ஆராய்ந்தார். மதுவச் சாற்றைக் கொடுத்தபோது அந்தச் சோகை குணமாவதைக் கண்டு, 1931இல் அதனை வெளியிட்டார். அதிலிருந்த பொருள் எதுவென்று அப்போது தெரியாததால் ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தார்கள். இன்று நமது தாய்சேய் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கப்படும் போலிக் அமிலம் அந்தக் காரணியைத் தேடிய வழியில் கிடைத்ததுதான். ஆகவே மார்மைட்டை வெறும் சுவைப்பொருள் என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

இனி கொய்யாவுக்கு வருவோம். 100 கிராம் கொய்யாவில் சராசரியாக 228 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. அதே எடைத் தோடம்பழத்தில் சுமார் 53 மில்லிகிராம்தான். உங்கள் மகனுடைய வயதில் ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 30 மில்லிகிராம் என்பதால், சிறிய கொய்யாவில் கால்வாசியை அவன் தின்றாலே அன்றைய தேவை பெரும்பாலும் நிறைந்துவிடும். மதுவச் சாற்றில் விற்றமின் சி கிடையாது. 100 கிராம் கொய்யாவிலுள்ள 5 கிராமுக்கு மேற்பட்ட நார்ச்சத்தும் அதில் இல்லை எனலாம்.

பி விற்றமின்களில் நிலைமை தலைகீழ். மார்மைட்டின் இனத்தைச் சேர்ந்த அவுஸ்திரேலிய வெஜிமைட்டை எடுத்துக்கொண்டால், பூசிச் சாப்பிடும் 5 கிராமில் தயமின் எனப்படும் பி1 சுமார் அரை மில்லிகிராமும், போலிக் அமில வகையான போலேட் 100 மைக்ரோகிராமும் இருக்கின்றன. 100 கிராம் கொய்யா முழுவதையும் தின்றாலும் பி1 அதில் எட்டில் ஒரு பங்குதான், போலேட் பாதியளவுதான் கிடைக்கும். லேபிளில் 100 கிராமுக்கு என்று அச்சிட்டிருக்கும் பெரிய எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். மார்மைட்டை எவரும் நூறு கிராம் உண்பதில்லை, கொய்யாவை உண்பார்கள். புரதம் என்று போட்டிருப்பதும் அப்படியே, ஒரு தேக்கரண்டியில் ஒன்றிரண்டு கிராமைத் தாண்டாது.

மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில் கிடைக்கும் விற்றமின் பி12ஐ மதுவம் தானாக உற்பத்தி செய்வதில்லை. மார்மைட்டில் இருப்பது தயாரிப்பாளர்கள் பின்னர் சேர்ப்பது. எல்லா மதுவச் சாறுகளிலும் அதைச் சேர்ப்பதில்லை என்பதால், லேபிளில் பி12 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிள்ளை விடயத்தில் எனக்குள்ள தயக்கம் உப்பைப் பற்றியது. இவ்வகைப் பசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உப்பு. 5 கிராம் எடுத்தால் அரை கிராம் உப்பு உள்ளே போகிறது, பாணிலும் பட்டரிலும் உள்ளது வேறு. வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகையில், ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கத்தி நுனியால் மெல்லப் பூசுவதே போதும். கொய்யாவை நன்கு பழுக்கவிட்டு, விதைப்பகுதி பிடிக்காவிட்டால் அதை எடுத்துவிட்டு, தோலோடு மெல்லிய கீற்றுகளாக வெட்டி மதியச் சோற்றோடு வையுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள விற்றமின் சி துணைசெய்வதால், சாப்பாட்டோடு கொடுப்பதில் இரட்டை ஆதாயம். நம்மவர்கள் கொய்யாவுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பார்கள். அந்தச் சுவைக்கு மட்டும் பிள்ளையை இப்போதே பழக்க வேண்டாம். கொய்யா ஜாம் பழத்துக்குப் பதிலாகாது. கொதிக்கும்போது விற்றமின் சி பெருமளவு அழிகிறது, சீனியும் ஏறுகிறது.

மாமனார் அந்தச் சுடுநீரை நிறுத்துவது நல்லது. ஒரு கோப்பைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்; இரத்த அழுத்தக்காரருக்கு அது தேவையற்ற உப்பு. கீல்வாதம், அதாவது கவுட், இருந்தால் மதுவச் சாற்றிலுள்ள பியூரின் யூரிக் அமிலத்தையும் கூட்டும். பொற்றாசியம் உள்ள கொய்யா இரத்த அழுத்தத்துக்கு நல்லதே. ஆனால் அவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால், அதே பொற்றாசியத்தின் பொருட்டு, எவ்வளவு பழம் சாப்பிடலாம் என்று முதலில் அவருடைய வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.