ரேம் வாங்கப் போகிறவருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒருவர் தம் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். பக்கவாட்டு மூடியைக்கூடத் திரும்ப மாட்டவில்லை. கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகப் பலகைதான் ரேம். இணையத்தில் 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கித் தானே பொருத்தியிருக்கிறார். மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருண்டு கிடக்கிறது. விட்டுவிட்டு பீப் சத்தம். ரேம்தான் பழுது என்று திருப்பி அனுப்பி, அதே ரகத்தில் இன்னொன்றை வரவழைத்தார். அதுவும் அப்படியே. "தம்பி, போர்டு போய்விட்டதா? மறைக்காமல் சொல்லுங்கள்" என்றார்.

போர்டு, அதாவது எல்லா உறுப்புகளும் பொருந்தும் மதர்போர்டு, போகவில்லை. ரேமும் பழுதில்லை. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

அவருடையது இன்டெல் எச்61 சிப்செட் உள்ள மதர்போர்டு. இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர். ஏற்கெனவே 4 ஜிபி டிடிஆர்3 ரேம், அதாவது டிடிஆர் வகையில் மூன்றாம் தலைமுறை. புதிதாக வாங்கியதும் டிடிஆர்3தான். ரேமைச் செருகும் ஸ்லாட்டில் ஏறி 'கிளிக்' என்று உட்கார்ந்தும் விட்டது. உட்கார்ந்துவிட்டதால் வேலை செய்யும் என்று அவர் நம்பினார். யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் சொல்லிப் பார்க்கிறேன். ரேமின் அடி விளிம்பில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்கும். இடையே ஓரிடத்தில் சின்ன வெட்டு. ஸ்லாட்டில் அந்த வெட்டுக்கு நேராக ஒரு தடுப்பு. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பற்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1. ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அப்படியும் கட்டைவிரலால் அமுக்கி ஸ்லாட்டையே பிளந்துகொண்டு வந்தவர்கள் உண்டு.

அந்த வெட்டு தலைமுறைக் குழப்பத்தைத் தடுக்கும். அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஜெராக்ஸ் கடைக்காரர் அகப்பட்டுக்கொண்டது அங்கேதான்.

அவருடைய ரேமின் ஒட்டுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பளவு எழுத்தில், ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. பிராசஸர் செய்வதில் இன்டெல்லின் போட்டி நிறுவனம் ஏஎம்டி. பிராசஸர் ஒரு ரேமிடம் ஒரு தடவைக்கு 64 பிட்டாகக் கேட்டு வாங்கும். அக்காலத்து வழக்கமான 8 ஜிபி டிடிஆர்3 ரேமில் 16 சிப்புகள். ஒவ்வொன்றும் 8 பிட் கொடுக்கும். எட்டு சிப் சேர்ந்தாலே 64 ஆகிவிடும் என்பதால், பதினாறும் இரண்டு அணியாகப் பிரிந்து முறைவைத்து வேலை செய்யும். இந்த மலிவு ரகத்திலும் 16 சிப்புகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் 4 பிட்தான் கொடுக்கும். பதினாறும் ஒன்றாகக் கைகொடுத்தால்தான் 64. இன்டெல்லின் சாதாரண மேசைக் கணினிப் பிராசஸர்கள் 4 பிட் சிப்புகளை ஏற்பதில்லை. இரண்டு ரேமையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. விலையில் மட்டும் தெரியும்.

பழைய சாமான் சந்தையில் சர்வர் ரேம் மலிவாகக் கிடைப்பதும் இதே கதை. 'ரெஜிஸ்டர்டு' வகை டிடிஆர்4 ரேம் வீட்டுக் கணினியின் ஸ்லாட்டில் ஏறும், கணினி எழுந்திருக்காது.

ஆகையால் கடைக்குப் போகும் முன் மதர்போர்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் போர்டின் மேலேயே அச்சடித்திருக்கும். பெட்டியைத் திறக்கத் தயக்கம் என்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். அந்தப் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில், எந்தத் தலைமுறை, மொத்தம் எவ்வளவு, ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலும் பெரும்பாலும் அங்கே இருக்கும். அதில் இல்லாத ரேம் ஓடாது என்று அர்த்தமில்லை. இருந்தால் நமக்கு ஒரு தைரியம்.

வேகத்தைப் பற்றி ஜனங்கள் படும் கவலை கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். ரேமின் பெயரோடு வரும் 1333, 1600 போன்றவை அதன் வேக எண்கள். 1333 ரேமோடு 1600 ரேமைச் சேர்த்தால் இரண்டும் 1333இல் ஓடும். அந்த ஐ3 பிராசஸருக்கே உச்சம் 1333தான் என்பதால், 1600 வாங்கினால் நஷ்டமில்லை, லாபமும் இல்லை. இன்னொரு வழக்கு அடிக்கடி வரும்: 3200 என்று வாங்கினேன், மென்பொருள் 1600 காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று. ஏமாற்றவில்லை. டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்பும். 1600 துடிப்பு, 3200 அனுப்பல். ஆனால் 3600 என்று வாங்கியது 2133இல் ஓடினால், கணினி எழும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும். ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டுகளில் அதற்கு எக்ஸ்போ என்று பெயர்.

புதுக் கணினி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 கடைசியில் வந்த இன்டெல் 12ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். எது என்று முடிவுசெய்வது போர்டு. ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 மட்டும்தான். நான்கு ஸ்லாட் இருந்து ரேம் இரண்டு என்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். டிடிஆர்5 பொருத்தி முதன்முறை இயக்கும்போது சில நிமிடம் திரை இருண்டே இருக்கலாம். ரேமைப் பழகிக்கொள்ள போர்டு எடுத்துக்கொள்ளும் நேரம் அது. பயந்து சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் வருகிறேன். சாதாரண 8 ஜிபி ரேம் ஒன்றைப் பழைய 4 ஜிபிக்குப் பக்கத்தில் போட்டேன். கணினி உடனே எழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. திரையைப் படித்ததும் சுருங்கியது. நிறுவிய நினைவகம் 12 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3.24 ஜிபி என்றது விண்டோஸ். அவர் வைத்திருந்தது 32 பிட் விண்டோஸ் 7. 4 ஜிபிக்கு மேல் அது எட்டிப் பார்க்காது.

மறுநாள் 64 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள், 64 பிட்டுக்கு டிரைவர் மென்பொருள் இல்லாத தம் பழைய ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்தார்.

வணக்கம்.