பாலடினுக்குத் தேவை தர்மசங்கடம், பொறி அல்ல

[திரையில்: பாதி அணைந்த தீப்பந்தம், குகை வாசல்]

ஒரு கதை விளையாட்டில், ஓர்க் என்ற அரக்கர் கும்பலை உங்கள் குழு அடித்து முடித்துவிட்டது. குகையின் கடைசி அறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஏழெட்டு ஓர்க் குழந்தைகள். "விட்டா வளந்து ஊரைக் கொளுத்தும்" என்கிறான் மந்திரவாதி. "கை வச்சா பாவம்" என்கிறாள் பூசாரி. எல்லோரும் அறப் போர்வீரரான பாலடினைப் பார்க்கிறார்கள். எதிரே உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தும் டிஎம் மெல்லச் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வீடியோ.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். உலகத்தையும் எதிரிகளையும் நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். அதில் பாலடின் என்பவர் அறத்துக்குச் சத்தியம் செய்துகொடுத்த போர்வீரர். கை வைத்தால் காயம் ஆறும். சத்தியம் தவறினால் என்ன ஆகும் என்பதில்தான் விளையாட்டு பலமுறை மனசு மாறியிருக்கிறது.

பாலடின் முதலில் வந்தது 1975இல், ஒரு கூடுதல் விதித்தொகுப்பில். 1978இல் வந்த விதிநூல் இன்னும் கறார். மனிதர் மட்டுமே பாலடின் ஆகலாம். வசீகர மதிப்பு குறைந்தது 17 வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும். மந்திரப் பொருட்கள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒழுங்கு மீறினால் மூத்த பூசாரி ஒருவரிடம் சொல்லிப் பரிகாரம் செய்யலாம். ஆனால் தெரிந்தே, விரும்பியே ஒரு தீமை செய்துவிட்டால் பரிகாரமே கிடையாது. அப்புறம் அவர் வெறும் சண்டைக்காரர்தான், கடைசிவரைக்கும்.

சரி, எது தீமை? அதைத் தீர்மானிப்பது டிஎம். பல மேஜைகள் நீதிமன்றமாக மாறியது இங்கேதான். குகைக் குழந்தைகளைக் கொன்றால் "தீமை செய்தாய்", விட்டால் "பின்னால் சாகப்போகும் ஊர்க்காரர்களின் ரத்தம் உன் கையில்". எந்தப் பக்கம் போனாலும் சக்தி போய்விடும். இதைத் தர்மசங்கடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது பொறி. தர்மசங்கடம் என்றால் இரண்டு வழியிலும் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும், ஆனால் எந்த வழியில் போனாலும் பாலடின் பாலடினாகவே இருக்க முடிய வேண்டும்.

[திரையில்: தனுஷ்கோடி சாலை, இருபுறமும் கடல்]

இதற்கு நம் ராமநாதபுரம் கரையிலேயே இரண்டு கதைகள் இருக்கின்றன.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் சரணடைந்த இடம் என்பது ஐதீகம். திருப்புல்லாணிக்காரர்கள் அது எங்கள் ஊரில்தான் என்பார்கள், அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம். எதிரியின் தம்பி ஆயுதத்தோடு வந்து நிற்கிறான். ஒற்றனாக இருப்பான், சேர்க்காதே என்கிறான் சுக்ரீவன். அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது. அடைக்கலம் கேட்டவனைக் கைவிட மாட்டேன் என்று ராமர் ஏற்றுக்கொள்கிறார். ஒரு டிஎம்மின் கண்ணால் இதைப் பாருங்கள். சத்தியம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பமே இல்லை. அதைக் காப்பாற்றினால் படைக்கே ஆபத்து வரலாம், அதுதான் விலை. சரணடைந்த எதிரியை என்ன செய்வது என்று பாலடின் தவிக்கும் காட்சி எல்லா மேஜையிலும் ஒருநாள் வரும். அப்போது வந்தவன் பொய்யனா, உண்மையானவனா என்பதை டிஎம் முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்திருக்க வேண்டும். பாலடின் ஏற்றுக்கொண்ட பிறகு, பாடம் புகட்டுவதற்காக அவனைத் துரோகியாக்குவது அழுகுணி ஆட்டம்.

இரண்டாவது கதை ராமேஸ்வரம் கோயிலே. ராவணனைக் கொன்றது நியாயமான போர்தான். ஆனாலும் அவன் விஸ்ரவஸ் முனிவரின் மகன், அதனால் பிரம்மஹத்தி தோஷம். அதைத் தீர்க்கத்தான் மணல் லிங்கம், பூஜை எல்லாம். செய்தது சரி, செய்தவர்மேல் கடனும் இருக்கிறது. 1978 விதியில் இப்படி ஒரு நிலைக்கு இடமே இல்லை. செய்தது சரியென்றால் மேலே கேள்வி கிடையாது, தவறென்றால் பரிகாரம், தீமையென்றால் விழுந்தாய். எனக்கு இந்த மூன்றாவது நிலைதான் பிடித்திருக்கிறது.

பின்னால் வந்த விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பொய் கூடாது, விஷம் கூடாது, முறையான அதிகாரத்தை மதிக்க வேண்டும், எளியவருக்கு உதவ வேண்டும். பரிகாரத்துக்கு ஒரு மந்திரமும் உண்டு. 2008இல் சக்தி பறிபோகும் விதியையே எடுத்துவிட்டார்கள். 2014இல் சத்தியம் பலவகை ஆனது. பக்தியின் சத்தியம் எடுத்தவர் கருணை காட்டக் கடமைப்பட்டவர். பழிவாங்கும் சத்தியம் எடுத்தவர் பெரிய தீமையை ஒழிக்கச் சின்னதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். ஆக, குகைக் குழந்தைகள் கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை.

மூன்றாம் பதிப்பின் இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்: அதிகாரத்தை மதி, எளியவருக்கு உதவு. இரண்டையும் மோதவிட ஓர்க்கும் வேண்டாம், குகையும் வேண்டாம், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரின் கடற்கரை போதும்.

[திரையில்: கரையில் ஒதுங்கிய வள்ளம், ஈரச் சாக்கு மூட்டை]

கடலடியில் ஊரும் கடல் அட்டையைப் பிடிப்பதற்கு 2001இலிருந்து இந்தியாவில் தடை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அப்போது அதைச் சேர்த்தார்கள். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் பல. சட்டத்தின் காரணமும் பொய்யில்லை: கடலடி மண்ணைத் தின்று சலித்துச் சுத்தமாக்கும் உயிர் அது, அள்ளித் தீர்த்தால் கடலுக்குத்தான் நட்டம்.

இதைக் கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் பாலடின் கடல் அன்னைக்குச் சத்தியம் செய்தவள். அன்னையின் உயிர்களைத் தொடக் கூடாது என்பது அரச கட்டளை. இருட்டோடு கரை ஏறுகிறான் ஒரு கிழவன், தோளில் ஈரச் சாக்கு. "தாயி, நாலு நாளா வீட்டுல அடுப்பு எரியல" என்கிறான். பின்னாலேயே காவலர்கள். "இந்தப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

பொய் சொல்லக் கூடாது. பிடித்துக் கொடுத்தால் கிழவன் சிறையில். விட்டால் சாக்கில் இருக்கும் உயிர்கள். எந்தப் பக்கம் போனாலும் அவள் சத்தியத்துக்குள்தான் நிற்கிறாள், வலி மட்டும் வேறு வேறு. வாய் திறக்காமல் நிற்கலாம். அட்டைகளை உயிரோடு கடலில் விட்டுவிட்டு, கிழவனின் அபராதத்தைத் தன் பணத்தில் கட்டலாம். அதுவரை பெயரளவில் இருந்த பத்தில் ஒரு பங்கு காணிக்கைக்கும் ஒரு வேலை வந்துவிட்டது. ஆட்டக்காரர் நீங்கள் யோசிக்காத நாலாவது வழியைச் சொன்னால், மறுக்காமல் டைஸைக் கையில் கொடுங்கள்.

இன்னொன்று, டிஎம்கள் அடிக்கடி மறப்பது. இத்தனை வருஷம் நோன்பு இருந்த பாலடினுக்குத் தன் சத்தியத்தின் எல்லை, ஆட்டக்காரரைவிட நன்றாகத் தெரியும். அதனால் செயலுக்கு முன்பே வாய் திறந்து சொல்லுங்கள்: "இதைச் செய்தால் அன்னை வருந்துவாள் என்று உனக்குத் தெரியும். செய்கிறாயா?" தெரிந்து செய்தால் அது ஆட்டக்காரரின் கதை. செய்த பிறகு சொன்னால் அது உங்கள் குறும்பு. குழந்தைக் கொலை மாதிரிக் காட்சிகள் மேஜையில் யாருக்காவது ஒவ்வாது என்றால், முதல் செஷனுக்கு முன்பே கேட்டு விலக்கிவிடுங்கள்.

அப்புறம், அவள் காவலரிடம் பொய்யே சொல்லிவிட்டாள் என்று வையுங்கள். சக்தியைப் பறிக்க வேண்டாம், பரிகாரத்தை அடுத்த செஷனாக்குங்கள். ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருப்பது தெரியும் அல்லவா? உங்கள் நாட்டிலும் அப்படிக் கிணறுகள் வையுங்கள். ஒவ்வொன்றிலும் அந்தப் பொய்யால் பாதிக்கப்பட்ட ஒருவர் காத்திருக்கட்டும்: வேலை போன காவலர், வலை காலியாக வந்த பக்கத்துக் குப்பத்துக்காரர், அந்தக் கிழவனே கூட. ஆனால் 22 கிணறும் வேண்டாம், மூன்று போதும். இல்லாவிட்டால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எல்லோரும் கடலுக்குப் போன பிறகும் உங்கள் பாலடின் ஈரத் துணியோடு ஏழாவது கிணற்றில்தான் நிற்பாள்.