புது ஜோன் வருகிறது: பெரிய மேப் என்றால் போதுமா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார், அப்படியே படிக்கிறேன். “அண்ணா, நான் ஆடும் ஆன்லைன் ஃபேன்டஸி கேமில் அடுத்த பேட்சில் புது ஜோன் வருகிறது. இதுவரை வந்ததிலேயே பெரிய மேப் என்கிறார்கள். கில்டில் எல்லோரும் குதிக்கிறார்கள். நிஜமாக எதை எதிர்பார்க்கலாம்? உள்ளே பறக்க விடுவார்களா? முதல் நாளே போகலாமா, கூட்டம் குறைந்த பிறகு போகலாமா?”

புதிதாகக் கேட்பவர்களுக்கு: ஜோன் என்றால் கேம் உலகத்தின் ஒரு பகுதி, பேட்ச் என்றால் கேமுக்கு வரும் அப்டேட், கில்டு என்றால் சேர்ந்து ஆடும் குழு. தம்பி, ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டுவிட்டீர்கள். அந்தப் ‘பெரிய மேப்’ விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு எரிச்சல் வருவதே அதில்தான்.

மேப்பைப் பெரிதாக்குவதில் ஒன்றும் இல்லை, அதற்குள் எதை வைத்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸி 14 முதன்முதலில் 2010இல் வந்தபோது நிலத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கொஞ்ச தூரம் ஓடினால் அதே பாறை, இன்னும் கொஞ்சம் ஓடினால் அதே சரிவு, அதே வளைவு. ஒரு துண்டை வெட்டி நாலு இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று ஆடுகிறவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த கேமுக்கு வேறு வியாதிகளும் இருந்தன, அது தனிக்கதை. கடைசியில் கதைக்குள்ளேயே அந்த உலகத்தை அழித்து, 2013இல் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். 2016 ஜனவரியில் கிரேட் கோரெண்ட் என்று ஒரு ராஜ்ஜியத்தையே திறந்தார்கள். ஐந்து வம்சங்கள், ஆளுக்கொரு பகுதி, நடக்க நடக்க முடியாத தெருக்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வம்சத்திடமும் நல்ல பெயர் எடுத்தால்தான் அங்கே உருப்படியாக எதையாவது செய்ய முடியும். நல்ல பெயர் எடுப்பது எப்படி? ஓரிடத்தில் ஏரைத் தள்ள வேண்டும். வயலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தள்ள வேண்டும், திரும்பத் தள்ளிக்கொண்டு வர வேண்டும், மறுபடியும் தள்ள வேண்டும். டிராகனைக் கொன்ற வீரன் அங்கே ஏர் தள்ளிக்கொண்டிருப்பான்! அந்த நல்ல பெயர் முறையை 2024இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை.

இப்போது இதற்கு நேரெதிர் ஒன்று சொல்கிறேன். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் 2013 செப்டம்பரில் டைம்லெஸ் ஐல் வந்தது. சின்னத் தீவு. ‘இங்கே போ, பத்து ஓநாய் அடி, திரும்பி வா’ என்று கையைப் பிடித்து இழுக்கும் க்வெஸ்ட் வரிசை, அதாவது கேம் கொடுக்கும் வேலைகளின் வரிசை, கிடையாது. பெட்டிகள் ஒளிந்திருக்கும், எங்கே என்று யாரும் சொல்லமாட்டார்கள். அரிய மிருகங்கள் திடீரென்று முளைக்கும். பறக்கவும் முடியாது. ஒருநாள் உயரமான பாறை மேல் ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்துவிட்டேன். ஏற வழியே இல்லை. அரை மணி நேரம் குதித்துக் குதித்துப் பார்த்து அலுத்துப்போய், வெறுப்பில் தலைக்கு மேல் போன ஒரு அல்பட்ராஸ் பறவையை அடித்தேன். அது பாய்ந்து வந்து என்னைக் கொத்தித் தூக்கிக்கொண்டு மேலே பறக்க ஆரம்பித்துவிட்டது! அப்போதுதான் உறைத்தது, அந்தப் பெட்டிக்குப் போகும் வாகனமே இதுதான். சரியான நேரத்தில் அதைக் கொன்றால் பாறை மேல் இறங்கலாம். இரண்டு முறை தப்பான நேரத்தில் கொன்றேன், கீழே விழுந்து செத்தேன், அது வேறு.

நான் எதிர்பார்க்கச் சொல்வது இதைத்தான், தம்பி. யாரும் சொல்லாமல் நீங்களாகக் கண்டுபிடிக்க அங்கே ஏதாவது இருக்கிறதா? ட்ரெய்லரில் மலையும் அருவியும் அழகாகத்தான் இருக்கும். கிராஃபிக்ஸ் நன்றாயிருப்பது முதல் வாரத்துச் சந்தோஷம், மூன்றாவது வாரம் அந்த அருவியை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கூடவே இன்னொன்றைக் கவனியுங்கள். எதிரே வேறொரு ஆள் வந்தால் மனதுக்கு எப்படி இருக்கிறது? பழைய பாணி கேம்களில் முதல் அடி அடித்தவனுக்குத்தான் லூட், அதாவது எதிரியைக் கொன்றால் கிடைக்கும் பொருள், அதனால் பக்கத்தில் எவன் வந்தாலும் வயிறு எரியும். கில்டு வார்ஸ் 2 இதை 2012இலேயே மாற்றியது. ஒரே பாஸை, அதாவது பெரிய எதிரியை, பத்து பேர் சேர்ந்து அடித்தாலும் அவரவர் லூட் அவரவருக்கு, ஒரே தாதுப் பாறையை எல்லோரும் வெட்டிக்கொள்ளலாம். பாஷை தெரியாதவனைக்கூட ‘வா, வா’ என்று கூப்பிடத் தோன்றும். உங்கள் புது ஜோனில் எந்தப் பக்கம் என்று பேட்ச் குறிப்பில் தேடிப் பாருங்கள், மேப் அளவைவிட அது முக்கியம்.

சரி, பறப்பது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், திட்டாதீர்கள். முதல் நாளே பறக்க விட்டால், க்வெஸ்ட் குறி இருக்கும் இடத்தில் பொத்தென்று இறங்கி, முடித்து, கிளம்பிவிடுவோம். நடுவில் இருக்கும் காடு யாருக்காக? ஆனால் ஒரேயடியாக மறுத்தாலும் ஆபத்து. வார்கிராஃப்டிலேயே 2014இல் வந்த டிரேனோர் நிலத்தில் பறக்க விடவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம், இனியும் விடுவதாக இல்லை என்றார்கள். பெரிய ரகளை. ஜூனிலேயே இறங்கி வந்தார்கள், நிலத்தைச் சுற்றிப் பார்த்து வேலைகளை முடித்தவர்களுக்குச் செப்டம்பரில் பறக்கும் வசதி கிடைத்தது. முதலில் கால், பிறகு இறக்கை. எனக்கு அந்த ஏற்பாடு நியாயமாகத்தான் படுகிறது. உங்கள் கேமிலும் அப்படி ஏதாவது வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

கடைசிக் கேள்வி, முதல் நாள் போகலாமா? போங்கள். லேக் அடித்து கேம் திணறும், வெளியே தள்ளும், உள்ளே வர வரிசையில் நிற்க வேண்டும், க்வெஸ்டுக்கு வேண்டிய ஒரே ஒரு ஓநாய்க்கு நாற்பது பேர் காத்திருப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எந்தக் குகையில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத நாள் அது ஒன்றுதான். மறுவாரம் எல்லாவற்றுக்கும் வழிகாட்டி வீடியோ வந்துவிடும், நானே போட்டுவிடுவேன். போகும்போது பையைக் காலி செய்துவிட்டுப் போங்கள், போன தடவை நான் அதை மறந்து பாதி லூட்டைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.