தனியறையில் கேட்டதைச் சபையார் முன் வையுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். "இன்றைய கிறிஸ்தவன் தேவசித்தத்தைத் தெளிந்துகொள்வது தனியறை ஜெபத்திலா, சபையாரின் சோதனையிலா?" என்பது தலைப்பு. சபையாரின் சோதனையில்தான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் மத்தேயு 6:6-ஐ எடுத்து வைத்தார். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னாரே ஆண்டவர் என்றார். சொன்னார்தான், யார் மறுத்தது? ஆனால் முந்தின வசனத்தையும் படியுங்கள். மனுஷர் காணவேண்டும் என்று வீதிச் சந்தியில் நின்று ஜெபிக்கிற மாயக்காரரைப் பற்றிய பேச்சு அது. ஜெபத்தில் கேட்டது கர்த்தரின் சத்தமா, என் ஆசையின் சத்தமா என்று சோதிக்கும் வழி 1 கொரிந்தியர் 14:29-இல் இருக்கிறது. தீர்க்கதரிசிகள் இரண்டு பேரோ மூன்று பேரோ பேசலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." பேசினவனே தனக்குத் தீர்ப்பும் சொல்லிக்கொள்ளட்டும் என்று பவுல் எழுதவில்லை.

ஆதிச் சபை இதில் கறாராகவே இருந்தது. டிடாகே என்ற பழைய சபை ஒழுங்கு நூல் என்ன சொல்கிறது? ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் அப்போதும் கள்ளத்தீர்க்கதரிசிதான். இன்றைய தீர்க்கதரிசன வீடியோக்களில் கடைசி நிமிடம் என்ன வருகிறது என்பதை அவையோர் அறிவீர்கள். வங்கிக் கணக்கு எண்!

தனியறையில் இன்று நாம் தனியாகவும் இல்லை ஐயா, கைபேசி கூடவே இருக்கிறது. வேலை மாறும் யோசனையில் இரண்டு வீடியோ பார்த்தால், மூன்றாவதும் "புதிய வாசல் திறக்கிறது" என்றே வரும். அனுப்பியது அல்காரிதம், நாம் போடுவதோ ஸ்தோத்திரம். நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 தினவசனமாக வந்து நிற்கும். பாபிலோனில் எழுபது வருஷம் இருக்கவேண்டும் என்கிற அதற்கு முந்தின பத்தாம் வசனம் அதோடு சேர்ந்து வராது.

சரி, சபையாரின் சோதனை என்றால் என்ன செய்வது? கேள்வியை ஒரே வாக்கியத்தில், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி எழுதுங்கள். "என் எதிர்காலம் என்ன" என்பதை யாராலும் சோதிக்க முடியாது. "இந்த ஊழியப் பொறுப்பை ஏற்கலாமா" என்பதைச் சோதிக்கலாம். பிறகு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். அதில் ஒருவராவது உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ அடையாதவராக இருக்கட்டும். முதல் அமர்வில் அவர்கள் ஆலோசனை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். ஆலோசனை முந்திக்கொண்டால் நீங்கள் பேசுவதை நிறுத்திவிடுவீர்கள், விஷயத்தின் பாதி உள்ளேயே தங்கிவிடும். மனம் வறண்டு, ஜெபமே கசக்கிற நாட்களில் முன்பு எடுத்த முடிவை மாற்றவேண்டாம். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்த விதி இது. நல்ல எண்ணம் போலத் தொடங்குவதையும் அதன் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்த்தே நம்பச் சொன்னவர் அவர்.

கூட்டமும் தவறாதா என்று எதிரணியில் கேட்டார்கள். நல்ல கேள்வி. தவறும். 1 இராஜாக்கள் 22-இல், போருக்குப் போகலாமா என்று கேட்ட இஸ்ரவேலின் ராஜா ஆகாபிடம் ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் "போ, ஜெயிப்பாய்" என்றார்கள். ஆகாப் போனான், செத்தான். ஆனால் அந்த நானூறு பேரைக் கூட்டியது யார்? ஆகாபேதான். தலையாட்டுகிறவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால் அது சோதனையே அல்ல, தனியறையைத்தான் பெரிதாக்கிக் கட்டியிருக்கிறோம். கர்த்தருடைய தீர்க்கதரிசி வேறு யாரும் இல்லையா என்று அங்கே கேட்டது பக்கத்தில் இருந்த யூதாவின் ராஜா யோசபாத். அந்தக் கேள்வியால்தான் மிகாயா வந்தான். ஆகாப் சொன்ன பதிலைப் பாருங்கள்: ஒருவன் இருக்கிறான், ஆனால் எனக்கு நன்மையாக எதுவும் சொல்லமாட்டான், அவனைப் பகைக்கிறேன். உங்கள் மூன்று பேரில் ஒரு மிகாயா இருக்கிறாரா என்று பாருங்கள். யோசபாத்தும் எல்லாம் கேட்டுவிட்டுப் போருக்குப் போனார், தலை தப்பியதே பெரிது. அது வேறு கதை.

"இன்றிரவுக்குள் பதில் சொல்லவேண்டும், சபையாரை எங்கே தேடுவது?" என்பது அவர்களுடைய கடைசிக் கேள்வி. அந்தக் கெடுவை வைத்தது யார் என்பதை முதலில் விசாரியுங்கள். விபத்தோ வியாதியோ என்றால் உடனே செய்யவேண்டியதைச் செய்யுங்கள், அங்கே சோதிக்க ஒன்றுமில்லை. காணிக்கை கேட்கிறவரோ கையெழுத்து கேட்கிறவரோ வைத்த கெடுவானால், ஒரு நாள் தள்ளிக் கேளுங்கள். கோபப்படுகிறாரா என்று பாருங்கள். பாதிச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், நடுவர் அவர்களே.