இன்ஸ்டால் என்றே சொல்லுவோம்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கிற பெரியவங்களே, வணக்கம். கூகுள், ஆப்பிள் கடைக்கு வெளியே இருந்து ஆப் போடறதை ‘சைட்லோடிங்’னு சொல்லணுமா, ‘இன்ஸ்டால்’னு சொல்லணுமா? இன்ஸ்டால்தான் என்பது எங்க அணி.

லேப்டாப்பில், விஎல்சி என்கிற வீடியோ பிளேயரை உருவாக்கின வீடியோலான் அமைப்பின் தளத்துக்குப் போறோம். விஎல்சி பிளேயரை இறக்கி டபுள் கிளிக் பண்றோம். அதுக்குப் பேரு இன்ஸ்டால். அதே தளத்தில் அதே விஎல்சிக்கு ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப் போடற ஃபைல், இருக்கு. போனில் அதைத் தட்டினா மட்டும் சைட்லோடிங்காம்! எழுதினவங்க அதே ஆளுங்க. நடுவில் கூகுளின் கடை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சைட்லோடிங் பழைய தொழில்நுட்பச் சொல்தானே என்றாங்க எதிரணித் தோழி. பழசுதான். எம்பி3 பிளேயருக்குக் கம்ப்யூட்டர்லேர்ந்து கேபிள் போட்டுப் பாட்டு ஏத்தினப்போ அந்தப் பேரு பொருந்துச்சு. இன்னைக்குப் போனே நேரா இறக்கிக்குது, கேபிள் எங்கே? கேட்கிறவங்க மனசில் இப்போ பதியறது ‘திருட்டு வழி’ன்னுதான்.

இது யாருக்கு வசதி? ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய டெக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற டிஜிட்டல் சந்தைச் சட்டம் உருவாகிட்டிருந்த நேரம், 2021 அக்டோபரில், சைட்லோடிங் ஆபத்துன்னே ஆப்பிள் நீளமா ஒரு அறிக்கை விட்டது. 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவிச்சது: தன்னிடம் அடையாளத்தைப் பதிவு பண்ணாதவங்க எழுதின ஆப், 2026 செப்டம்பரிலிருந்து பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ஏறாது. எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் அனுபவமுள்ளவங்களுக்குத் தனி வழி வைக்கிறோம்னாங்க. ‘உன் சொந்தப் போனில் நீ இன்ஸ்டால் பண்ண எங்க அனுமதி வேணும்’னு அறிவிச்சிருந்தா ஊரே எழுந்திருக்கும். ‘சைட்லோடிங் கட்டுப்பாடு’ன்னா யாருக்கு உறைக்கும்?

கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்பில் ஏபிகே வருது, தட்டினா பேங்க் பணம் போகுதுன்னு எதிரணி சொன்னது சத்தியமான உண்மை. கேட்கவே வயிறு எரியுது. ஆனா அங்கே ஆளைக் காப்பாத்தற வார்த்தை எது? ‘சைட்லோடு பண்ணாதீங்க’ன்னா நம்ம வீட்டு அத்தைக்குப் புரியுமா? ‘யார் அனுப்பினாலும் சரி, பத்திரிகை திறக்கும்போது இன்ஸ்டால்னு கேட்டா தொடாதீங்க அத்தை’ன்னா சட்டுன்னு புரியும்.

நடுவர் அவர்களே, அந்த ஐரோப்பியச் சட்டத்தின் 6(4) பிரிவைப் பாருங்க. வெளியார் செயலிகளையும் வேற கடைகளையும் ‘நிறுவ’ அனுமதிக்கணும்னு நேராவே எழுதியிருக்காங்க. அந்தப் பிரிவில் சைட்லோடிங் என்ற சொல்லே கிடையாது.