பம்ப் கொடுத்தால் போதுமா?

(வெள்ளவத்தையில் சுகாதார ஊழியர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கும், இரவு பஸ் பிடித்து வந்திருக்கும் தாதியர், குடும்பநல உத்தியோகத்தர் எல்லோருக்கும் வணக்கம்.

கொழும்பில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் விசேட வைத்தியரைத் தேடி அதிக தூரம் போகத் தேவையில்லை. வெலிசறையில் சுவாச நோய்களுக்கென்றே தேசிய வைத்தியசாலை இருக்கிறது. மடுல்சீமையில் லயத்தில் இருக்கும் அம்மாவுக்கோ, முல்லைத்தீவில் கடலுக்குப் போகும் ஐயாவுக்கோ முதலில் கிடைப்பவர்கள் நீங்கள்தான். உங்களுக்கு நாங்கள் எதைப் பழக்கித் தந்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

மூச்சுக்குழாய்கள் ஒடுங்கி மூச்சு முட்டும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோயால் (COPD) உலகில் ஆண்டுக்கு 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இந்த நோயால் 70 வயதாகுமுன் இறப்பவர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாட்டவர்கள். சிகரெட்டும் பீடியும் மட்டும் இதற்குக் காரணமல்ல. புகையிலையைத் தொட்டே பார்க்காத பெண்கள் விறகடுப்புப் புகையில் நுரையீரலைப் பறிகொடுக்கிறார்கள். 2022இல் காஸ் கிடைக்காமல் எத்தனை வீடுகள் மறுபடி விறகுக்குப் போயின என்று உங்களுக்கே தெரியும். அதனால் “புகைப்பீர்களா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “எதில் சமைக்கிறீர்கள், குசினியில் புகை வெளியே போகிறதா?” என்றும் கேளுங்கள். இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் காசநோய்ச் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி மருந்துக்கு வருகிறேன், கோளாறு பெரும்பாலும் இங்கேதான். பம்பை, அதாவது மருந்தை மூச்சோடு இழுக்கும் இன்ஹேலரை, குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அமுக்கும்போதே மெதுவாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். தூள் மருந்து அப்படியல்ல. மெதுவாக இழுத்தால் தூள் நெஞ்சுக்குள் போய்ச் சேராது, ஒரே மூச்சில் பலமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் போட்டு இழுக்க வேண்டிய, தூள் அடைத்த குளிசையைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிடும் முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஏசி என்ன பயன்? யாரும் செய்து காட்டவில்லை. இன்னொன்று, 200 தடவைக்கான பம்பில் மருந்து தீர்ந்த பிறகும் அமுக்கினால் வாயு சீறும். மருந்து இருக்கிறது என்று நம்பி வெறும் வாயுவை இழுத்துக்கொண்டிருப்பவருக்கு நோய் முற்றிவிட்டதாக நாமும் நினைத்துவிடுவோம்.

பம்போடு பொருத்தி, மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற கூட்டுக்கு வசதி இல்லையா? 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிடுங்கள். தொய்வு (ஆஸ்துமா) கடுமையாகி வந்த பிள்ளைகளுக்கு அது கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக உதவியதைத் தென்னாபிரிக்க வைத்தியர்கள் 1999இல் எழுதினார்கள். ஒட்சிசன் பற்றியும் ஒரு வார்த்தை: நாட்பட்ட அடைப்பு உள்ளவருக்குக் குழாயை முழுக்கத் திறந்துவிடாதீர்கள். இரத்தத்தில் 88 முதல் 92 சதவீதம் போதும், அதற்கு மேல் போனால் உள்ளே கரியமில வாயு தேங்கி மயக்கமே வரலாம்.

இதெல்லாம் மண்டபத்தில் ஒரு நாள் படம் போட்டுக் காட்டினால் கைக்கு வந்துவிடாது. அதே தென்னாபிரிக்காவில், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில், பயிற்றுநர்கள் கிளினிக்குகளுக்கே பல தடவை போய்த் தாதியருக்குச் சிறு சிறு வகுப்புகள் எடுத்தார்கள். 40 கிளினிக்குகளில் ஒப்பிட்டுப் பார்த்த அந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. பயிற்சி கிடைத்த இடங்களில் காசநோய் கூடுதலாகப் பிடிபட்டது, தொய்வுக்காரருக்கு உரிய ஸ்டீரொய்ட் பம்பும் கூடுதலாகக் கிடைத்தது. அங்கே கூடுதலாக வைத்தியர்களைப் போடவில்லை. இருந்த தாதியரை நம்பினார்கள், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போனார்கள். எனக்கு இதில் மிகப் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

இங்கும் அப்படிச் செய்யலாம். தமிழில் ஒரே பக்கத்தில் படத்தோடு வழிகாட்டி வேண்டும். பயிற்சி கொடுத்தவர் சில மாதம் கழித்து உங்கள் வாட்டுக்கு வந்து, நீங்கள் நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளர்களை இந்தப் பயிற்சியில் விட்டுவிடக் கூடாது.

பின்னால் உள்ள மேசையில் மருந்தில்லாத பயிற்சிப் பம்புகள் இருக்கின்றன. தேநீருக்கு முன் ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்குச் செய்து காட்டுங்கள். பிழை இருந்தால் இன்றைக்கே திருத்திக்கொள்ளலாம்.